சுட்ட மண்ணும் சிமெண்ட்டும்: மேட்டூர் முதல் தடாகம் வரை

கோவையில் பாலக்காடு சாலையில் குனியமுத்தூர் பக்கம் போனால் 'சுண்ணாம்புக் காளவாய்' என்று ஒரு இடம் வரும். பஸ்ஸில் கண்டக்டர் வேகமாகச் சொன்னால் 'சுண்ணாம்புக் கால்வாய்' என்றுதான் காதில் விழும். பல வருஷம் அங்கே ஏதோ கால்வாய் இருந்திருக்கும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அது கால்வாய் இல்லை, காளவாய். சுண்ணாம்புக்கல் சுடும் சூளை. அதே சாலையில் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் மதுக்கரை, சிமெண்ட் ஆலை. அந்தச் சில கிலோமீட்டரில் ஒரு கட்டுமான யுகம் முடிந்து இன்னொன்று தொடங்குகிறது.

இந்தக் கட்டுரைக்குக் காரணம் அந்தப் பெயர் மட்டுமில்லை. போன வருஷம் வீட்டு மாடியில் இரண்டு அறை எடுத்தோம். என்ன சிமெண்ட் வாங்குவது என்று பேச்சு வந்தபோது மேஸ்திரி சொன்னார்: "பிபிசி எல்லாம் வேண்டாமுங்க. அதுல சாம்பலைக் கலந்து விக்கறானுங்க. 53 கிரேடு வாங்கிக் குடுத்துருங்க, மூணு நாள்ல சும்மா கல்லாட்டம் நிக்குமுங்க."

முப்பது வருஷம் வேலை செய்த மனுஷன். அவர் சொல்வதைச் சும்மா தள்ளிவிட முடியாது. ஆனால் "சாம்பலைக் கலந்து" என்பதில் இருந்த அந்த இளக்காரம் மனதில் நின்றுவிட்டது. கலப்பது என்றால் ஏமாற்று என்று எப்போதிலிருந்து ஆச்சு? அதைத் தேடிப்போனதில் சேர்த்த குறிப்புகள்தான் இவை.

கல்லுக்குள் இருக்கும் வாயு

முதலில் அடிப்படை. சுண்ணாம்புக்கல் 100 கிலோ எடுத்து நன்றாகச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு கிடைக்கும். மீதி 44 கிலோ எங்கே? கரியமில வாயுவாக ஆகாயத்துக்குப் போய்விட்டது. இது விறகின் புகையோ நிலக்கரியின் புகையோ இல்லை. கல்லுக்குள்ளேயே பூட்டி வைத்திருந்த வாயு.

சிமெண்ட் செய்வதும் இதே வேலைதான், இன்னும் கடுமையாக. சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் அரைத்து, சுழலும் சூளையில் சுமார் 1450 டிகிரி வரை சுட்டால் கிளிங்கர் என்ற கருஞ்சாம்பல் உருண்டைகள் வரும். அதோடு கொஞ்சம் ஜிப்சம் சேர்த்து அரைத்தால் சிமெண்ட். சாதாரண சிமெண்ட்டில் கிட்டத்தட்ட 95 சதவீதம் கிளிங்கர்தான். ஒரு டன் சிமெண்ட்டுக்குத் தோராயமாக 850 கிலோ கரியமில வாயு வெளியேறும். அதில் பாதிக்கு மேல் கல்லிலிருந்து வருவது. ஆலையை முழுக்கச் சூரிய மின்சாரத்தில் ஓட்டினாலும் அந்தப் பாதி குறையாது. உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் 7, 8 சதவீதம் சிமெண்ட்டால் வருவது இப்படித்தான். சிமெண்ட் உற்பத்தியில் சீனாவுக்கு அடுத்து நாம்.

ஆகவே 'கார்பன் குறைந்த கான்கிரீட்' என்று ஆய்வுக்கூடங்கள் பேசுவதை எல்லாம் சுருக்கினால் ஒரே கேள்விதான்: கிளிங்கரைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் எதைப் போடுவது?

அணைக்குள் செங்கல் தூள்

இந்தக் கேள்விக்கு ஒரு பதில் நம்ம ஊரில் ஏற்கெனவே இருந்தது. அதற்குப் பெயர் சுர்க்கி. சுட்ட களிமண்ணை அல்லது செங்கல்லை நைசாகப் பொடித்து எடுப்பது. சுண்ணாம்பு மட்டும் போட்ட சாந்து காற்றுப் பட்டு மெதுவாகத்தான் இறுகும், தண்ணீருக்குள் நிற்காது. அதில் சுர்க்கி சேர்த்தால் தண்ணீருக்குள்ளும் இறுகும். ரோமானியர்கள் நேப்பிள்ஸ் பக்கம் பொசுவோலி என்ற ஊரின் எரிமலைச் சாம்பலை வைத்துச் செய்ததும் இதேதான். 'பொசொலானா' என்ற பொறியியல் சொல் அந்த ஊர்ப் பெயரிலிருந்து வந்தது. நமக்கு எரிமலை இல்லை, செங்கல் சூளை இருந்தது.

1887 முதல் 1895 வரை கட்டிய முல்லைப் பெரியாறு அணை சுண்ணாம்பு, சுர்க்கிக் கலவையில் நிற்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த அணையைப் பற்றிய சண்டையில் 'சுர்க்கி' என்ற சொல்லே பலவீனத்துக்கு இன்னொரு பெயர் மாதிரி ஆகிவிட்டது.

அதிகம் பேசப்படாத விஷயம் ஒன்று உண்டு. சிமெண்ட் வந்த பிறகும் சுர்க்கி போகவில்லை. கான்கிரீட் பாடநூல்களில் சிமெண்ட்டோடு சுர்க்கி சேர்த்த இந்திய அணைகளின் பட்டியல் ஒன்று வரும். கிருஷ்ணராஜ சாகர், துங்கபத்திரா, பக்ரா என்று போகிற அந்தப் பட்டியலில் மேட்டூரும் கீழ்பவானியும் இருக்கின்றன. இரண்டும் கொங்கு மண்ணின் அணைகள். மேட்டூர் வேலை 1925ல் தொடங்கி 1934ல் முடிந்தது. பவானிசாகர் சுதந்திரத்துக்குப் பின் 1948ல் தொடங்கி 1955ல் முடிந்தது. அதன் பெரும்பகுதி மண் அணை; கல் கட்டடம் நடுவில் மட்டும்.

ஏன் சேர்த்தார்கள்? அன்று யாரும் கரியமில வாயுவைப் பற்றிக் கவலைப்படவில்லை. காரணம் இரண்டு. ஒன்று, சிமெண்ட் விலை அதிகம், கிடைப்பதும் கஷ்டம். களிமண்ணை அங்கேயே சுட்டுக்கொள்ளலாம். இரண்டாவது காரணம் கொஞ்சம் நுட்பமானது. சிமெண்ட் தண்ணீரோடு சேரும்போது சூடு கிளம்பும். வீட்டுச் சுவரில் அது தெரியாது. அணை மாதிரி பெரிய பருமனில் உள்ளே சூடு சிக்கிக்கொள்ளும். பிறகு ஆறும்போது வெடிப்பு விடும். சுர்க்கி சேர்த்தால் சூடு குறைவாக, மெதுவாக வெளிவரும். அணைக்கு அவசரம் இல்லையே, மெதுவாக இறுகினால் போதும்.

அதாவது கலப்பது என்பது அன்று ஏமாற்று இல்லை, பொறியாளரின் தேர்வு.

1934

மேட்டூர் அணை முடிந்த அதே 1934ல்தான் மதுக்கரை சிமெண்ட் ஆலையும் தொடங்கியது. பக்கத்தில் மதுக்கரை, வாளையாறு வட்டாரத்துச் சுண்ணாம்புக்கல். ரயில்பாதையும் அருகில். பைக்காரா மின்சாரம் உற்பத்தியாகத் தொடங்கி இரண்டே வருஷம் ஆகியிருந்தது. கோவையில் மில்கள் முளைத்துக்கொண்டிருந்த நேரம். 1936ல் நாட்டின் பத்து சிமெண்ட் கம்பெனிகள் சேர்ந்து ஏ.சி.சி. ஆனபோது மதுக்கரையும் அந்தக் குடும்பத்துக்குள் வந்தது.

அதற்கு முப்பது வருஷம் முன்னாலேயே, 1904ல், சென்னையில் கடல் சிப்பியைச் சுட்டு சிமெண்ட் செய்ய ஒரு கம்பெனி முயன்று தோற்றது. 1914ல் போர்பந்தரில்தான் இந்திய சிமெண்ட் நிலைத்தது. ஆக, மதுக்கரை சீக்கிரம் வந்த ஆலைகளில் ஒன்று.

ஆலை வந்த உடனே காளவாய்கள் அணைந்துவிடவில்லை. எங்கள் தாத்தா காலத்து வீடுகளில் அஸ்திவாரம் சுண்ணாம்புச் சாந்து, மேல் பூச்சு கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரில் குழைத்த காரை, தளத்துக்கு மட்டும் சிமெண்ட் என்று கலந்துதான் இருக்கும். 70களில் சிமெண்ட்டுக்குப் பெர்மிட் வாங்க வேண்டும். தாலுக்கா ஆபீசுக்கு நடையாய் நடந்து பத்து மூட்டை வாங்கிய கதையைப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், ஒரு மணி நேரம் சொல்வார்கள்.

1982ல் அந்தக் கட்டுப்பாடு பாதி தளர்ந்தது, 1989ல் முழுக்கப் போனது. அதே காலத்தில் தரமும் ஏறியது: 33 கிரேடு, பிறகு 43, பிறகு 53. எண் ஏற ஏற சீக்கிரம் வலு வரும். முட்டு சீக்கிரம் பிரிக்கலாம், அடுத்த தளம் சீக்கிரம் போடலாம். வேகம்தான் தரம் என்று ஆனது அப்போதுதான் என்று நினைக்கிறேன். நம்ம மேஸ்திரி தொழில் கற்றதும் அந்தக் காலத்தில்தான். அவர் சொன்ன "மூணு நாள்" அங்கிருந்து வருகிறது.

அணைக்குப் பக்கத்திலேயே சாம்பல்

மேட்டூரில் இன்னொரு விஷயம் இருக்கு. அணைக்குப் பக்கத்திலேயே அனல் மின் நிலையம். முதல் அலகு 1987ல் ஓடத் தொடங்கியது. அங்கே நிலக்கரி எரிந்து மிஞ்சும் பறக்கும் சாம்பல் வேதியியலில் சுர்க்கியின் சித்தப்பா மகன் மாதிரி. அணைக்குள் சுட்ட மண், வெளியே சுட்ட நிலக்கரியின் சாம்பல். ஒரே ஊரில் இரண்டு தலைமுறைப் பொசொலானா.

மேஸ்திரி திட்டிய பிபிசி இதுதான். போர்ட்லண்ட் பொசொலானா சிமெண்ட். 15 முதல் 35 சதவீதம் வரை சாம்பல் சேர்க்கலாம் என்று இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1489 சொல்கிறது. அந்தத் தரநிலை 1991லேயே இரண்டு பாகமாக வந்தது. முதல் பாகம் சாம்பலுக்கு. இரண்டாம் பாகம் சுட்ட களிமண்ணுக்கு! சாம்பல் மலைமலையாக, கிட்டத்தட்ட இலவசமாகக் கிடைத்ததால் முதல் பாகம் கடைக்கு வந்தது. இரண்டாம் பாகத்தைப் பெரும்பாலும் மறந்துவிட்டோம்.

சிமெண்ட் தண்ணீரோடு சேரும்போது கொஞ்சம் சுண்ணாம்பு வேலையில்லாமல் மிஞ்சும். அது வலுவுக்கு உதவாது. சாம்பலிலோ சுட்ட மண்ணிலோ இருக்கும் சிலிக்கா, அலுமினா அந்தச் சுண்ணாம்பைப் பிடித்து இன்னொரு முறை பசையாக்குகின்றன. நுண்துளைகள் அடைபடும். உப்புத்தண்ணீர் உள்ளே போய்க் கம்பியைத் துருப்பிடிக்க வைப்பது குறையும். மேஸ்திரி சொன்னதிலும் உண்மை உண்டு: இந்த இரண்டாவது வேலை மெதுவாகத்தான் நடக்கும். அதனால்தான் ஐ.எஸ். 456 சாதாரண சிமெண்ட்டுக்குக் குறைந்தது 7 நாள் தண்ணீர் விடச் சொல்கிறது, கலப்பு சிமெண்ட்டுக்கு 10 நாள். மூன்றாம் நாளே தண்ணீர் விடுவதை நிறுத்திவிட்டு "பிபிசி சரியில்லை" என்றால் குற்றம் சிமெண்ட் மேல் இல்லை.

ஆய்வுக்கூடத்தில் சுர்க்கி

இப்போது ஆய்வுக்கூடக் கதைக்கு வருவோம். கோவை, ஈரோடு, பெருந்துறை வட்டாரப் பொறியியல் கல்லூரிகளில் எந்தக் கட்டடவியல் துறைக்குப் போனாலும் கடைசி வருஷ மாணவர்கள் கான்கிரீட்டில் எதையாவது கலந்து கன சதுரம் வார்த்து உடைத்துக்கொண்டிருப்பார்கள். வார்ப்பாலைக் கழிவு மணல், தேங்காய் ஓடு, கரும்புச் சக்கைச் சாம்பல், செங்கல் தூள். நம்ம ஊர்த் தொழில்களின் பட்டியலே அந்த அறிக்கைகளில் இருக்கும். ஆனால் ஒன்றைக் கவனிக்கணும். வார்ப்பாலை மணல் கான்கிரீட்டில் மணலின் இடத்தைப் பிடிக்கிறது. தேங்காய் ஓடு ஜல்லியின் இடத்தை. அதனால் ஆறும் மலையும் கொஞ்சம் பிழைக்கும், நல்ல விஷயம். கார்பன் கணக்கு பெரிதாக மாறாது, ஏனென்றால் கிளிங்கர் குறையவில்லை. கரும்புச் சக்கைச் சாம்பலும் சுட்ட மண்ணும் வேறு வகை. அவை சிமெண்ட்டின் இடத்தையே பிடிப்பவை.

சுட்ட மண்ணில் இன்று பெரிதாகப் பேசப்படுவது எல்சி3. சுண்ணாம்புக்கல், சுட்ட களிமண், சிமெண்ட் மூன்றும் சேர்ந்தது. சுவிட்சர்லாந்தின் லோசான் தொழில்நுட்பக் கழகத்தில் கேரன் ஸ்க்ரிவெனர், கியூபாவில் ஃபெர்னாண்டோ மார்ட்டிரேனா, இங்கே டெல்லி, சென்னை, மும்பை ஐ.ஐ.டி.க்கள் சேர்ந்து செய்த ஆய்வு. சென்னை ஐ.ஐ.டி.யில் ரவீந்திர கெட்டு, மனு சந்தானம் ஆகியோரின் குழு இதன் நீடித்த உழைப்பை, குறிப்பாக உப்பு ஊடுருவுவதை எவ்வளவு தடுக்கிறது என்பதை, விரிவாகச் சோதித்திருக்கிறது. வழக்கமான கலவை: பாதி கிளிங்கர், 30 சதவீதம் சுட்ட களிமண், 15 சதவீதம் சுடாத சுண்ணாம்புக்கல் தூள், 5 சதவீதம் ஜிப்சம். சாதாரண சிமெண்ட்டோடு ஒப்பிட்டால் கரியமில வாயு 30 முதல் 40 சதவீதம் குறையும்.

படித்ததும் எனக்குத் தோன்றியது: அட, இது நம்ம மேட்டூர் சுர்க்கிதானே!

முழுக்க அப்படி இல்லை. இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். 'நம் முன்னோர் அன்றே கண்டுபிடித்தார்கள்' வகைக் கட்டுரையாக இதை ஆக்க எனக்கு விருப்பமில்லை.

சுர்க்கியின் பிரச்சினை அதன் சீரற்ற தன்மை. எந்த மண், எவ்வளவு சூடு என்பதைப் பொறுத்து ஒரு குவியல் நன்றாக வேலை செய்யும், அடுத்த குவியல் வெறும் தூசியாக இருக்கும். இப்போது காரணம் தெரியும். களிமண்ணில் கயோலினைட் என்ற கனிமம் இருக்க வேண்டும். 40 சதவீதம் இருந்தால் நன்று. அதை 700 முதல் 850 டிகிரிக்குள் சுட வேண்டும். குறைந்தால் மண் மண்ணாகவே இருக்கும். ரொம்ப ஏறினால் புதிய படிகங்கள் உருவாகி வேகம் செத்துவிடும். நன்றாக வெந்த, தட்டினால் மணி மாதிரி சத்தம் வரும் செங்கல் சுவருக்கு நல்லது. சுர்க்கிக்கு அது அவ்வளவு நல்லதில்லை. அடுத்தது, சுடாத சுண்ணாம்புக்கல் தூளும் சுட்ட மண்ணின் அலுமினாவும் சேர்ந்து தனியாக ஒரு பிணைப்பை உண்டாக்குகின்றன. அதனால்தான் கிளிங்கரைப் பாதியாகக் குறைத்தும் ஏழு நாளிலேயே நல்ல வலு வருகிறது. சுர்க்கிக் காலத்தில் இந்த மூன்றாவது பங்காளி கிடையாது.

குறைகளும் உண்டு. சுட்ட மண் தண்ணீரை அதிகம் இழுக்கும், கலவை குழைவாக வரக் கூடுதல் ரசாயனம் தேவை. காற்றிலுள்ள கரியமில வாயு உள்ளே ஊறுவதைத் தடுப்பதில் சாதாரண சிமெண்ட்டைவிடக் கொஞ்சம் பின்னே நிற்கிறது. மண்ணில் இரும்பு இருந்தால் சிமெண்ட் செம்மண் நிறமாக வரும். சாம்பல் நிறம்தான் சிமெண்ட் என்று பழகிய கண்ணுக்கு அது போதும், சந்தேகப்பட!

ஜான்சியில் 2014 வாக்கில் எல்சி3 சிமெண்ட்டில் ஒரு மாதிரி வீடு கட்டினார்கள். 2023ல் ஐ.எஸ். 18189 என்று இந்தியத் தரநிலையும் வந்துவிட்டது.

மூட்டைக் கணக்கு

ஆயிரம் சதுர அடி வீட்டுக்குச் சுமார் 400 மூட்டை என்பது இங்கே எல்லா மேஸ்திரியும் சொல்லும் கணக்கு. 20 டன். சாதாரண சிமெண்ட் என்றால் 17 டன் கரியமில வாயு. 30 சதவீதம் சாம்பல் சேர்ந்த பிபிசி என்றால் 12 டன் பக்கம். வித்தியாசம் 5 டன். ஒரு பைக்கை லிட்டருக்கு 50 கிலோமீட்டர் வீதம் ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓட்டினால் வருவதும் கிட்டத்தட்ட இவ்வளவுதான். கடையில் எந்த மூட்டையைக் கை காட்டுகிறோம் என்பதில் மட்டும் இவ்வளவு.

எல்சி3யும் பிபிசியைவிடப் பிரமாதமாகக் குறைத்துவிடாது. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தான். பிறகு எதற்கு எல்சி3? நிலக்கரி இருக்கும் வரைதான் சாம்பல். நாட்டில் இன்று வருஷத்துக்கு 20 கோடி டன்னுக்கு மேல் சாம்பல் வருகிறது, உடனே தட்டுப்பாடு வராது. ஆனால் நிலக்கரியை விட்டு வெளியே வரணும் என்று பேசிக்கொண்டே அதன் சாம்பலை நம்பி நூறு வருஷக் கட்டடத் தொழிலை வைக்க முடியாது. களிமண் எங்கும் இருக்கிறது. சிமெண்ட்டுக்கு உதவாது என்று சுரங்க ஓரத்தில் ஒதுக்கிய மட்டமான சுண்ணாம்புக்கல்லும் எல்சி3க்கு ஆகும்.

தடாகம்

களிமண் எங்கும் இருக்கிறது என்று எழுதிவிட்டேன். எழுதும்போதே சின்னத்தடாகம் நினைவுக்கு வந்தது.

கோவைக்கு வடமேற்கே மலையடிவாரப் பள்ளத்தாக்கு. நூற்றுக்கும் மேற்பட்ட செங்கல் சூளைகள் அங்கே இருந்தன. கோவை நகரத்தின் சுவர்களில் பாதி அந்தச் செம்மண்தான் என்று சொன்னால் மிகையில்லை. அனுமதியில்லாமல் மண் எடுத்தது வழக்காகி, நீதிமன்றம் வரை போய், 2021ல் சூளைகள் மூடப்பட்டன. அங்கே தோண்டிய குழிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பனைமரம் ஒன்று சுற்றிலும் மண் போய், தன் காலடி மண்ணோடு தனித்திட்டாக நிற்கும். யானைகள் நடக்கும் தடமும் அதே பள்ளத்தாக்குதான்.

கார்பனைக் குறைக்கிறோம் என்று சொல்லி இன்னொரு தடாகத்தைத் தோண்டினால் அது என்ன கணக்கு? ஆய்வுக் கட்டுரைகளில் டன்னுக்கு இத்தனை கிலோ கரியமில வாயு என்ற கட்டம் இருக்கும். பனைமரத்துக்குக் கட்டம் இருக்காது. சுரங்கங்களில் மேல்மண்ணோடு வெட்டிக் குவித்த களிமண் நெய்வேலி மாதிரி இடங்களில் ஏற்கெனவே இருக்கிறது. புதிதாகத் தோண்டுவதற்கு முன் அங்கிருந்து தொடங்கலாமே என்பது என் ஆசை. இடித்த கட்டடங்களின் செங்கல்லும் லாரி லாரியாக ஏரிக்கரைகளில் கொட்டிக் கிடக்கிறது. அதை அரைத்தால் முதல்தர சுர்க்கி வராது என்று மேலே சொன்னேன். ஆனால் பூச்சுக்கும் சாதாரணக் கலவைக்கும் எவ்வளவு உதவும் என்பது உள்ளூர்க் கல்லூரி ஒன்று எடுத்துச் செய்ய வேண்டிய வேலை.

மாடி கதைக்கு வந்தால், கடைசியில் பிபிசிதான் வாங்கினோம். மேஸ்திரிக்கு மனசில்லை. "உங்க வீடு, உங்க இஷ்டமுங்க" என்றார். தளம் போட்டுப் பாத்தி கட்டிப் பத்து நாள் காலையும் மாலையும் நானே போய்த் தண்ணீர் விட்டேன். முட்டு பிரித்த அன்று அவர் சுத்தியலால் இரண்டு இடத்தில் தட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த வேலைக்குப் போய்விட்டார்.

மேட்டூர் அணைக்குள்ளேயே செங்கல் தூள் இருக்கு என்று அவரிடம் சொன்னேன். "அப்படீங்களா?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து, "அவங்க தண்ணி விட்டிருப்பாங்க" என்றார்.

அது சரியான பதில் என்றுதான் எனக்கும் படுகிறது.